மூன்றாம் வகுப்பு கேட்ட கேள்வி

கல்வி அதிகாரி தில்லைநாயகம் வந்தால் பள்ளிக்கூடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு ஊர்க்காரர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்பு டீச்சர் மரியபுஷ்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இருக்கிறதே, உங்கள் பிள்ளைகள் கேட்பார்களா? இப்போதே காட்டுங்கள். இல்லாவிட்டால் மாற்றல்தான்!” என்று மேசையில் ஓங்கித் தட்டினார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மரியபுஷ்பம் சிரித்த முகமாக, “கேப்பாங்க சார். பதில் வருமோ வராதோன்னுதான் தயங்குறாங்க” என்றாள்.

“என்னிடமா பதில் இருக்காது? பதில் சொல்லாமல் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன்!”

“சாரே சொல்லிட்டாங்க. கேளுங்க பிள்ளைங்களா.”

பிள்ளைகளில் இசக்கியம்மாள் எழுந்தாள். “சார், கக்கூஸுக்குக் கதவு போட்டுத் தரேன்னு போன வருஷம் சொன்னீங்களே, எப்ப சார் வரும்?”

ஊரே அவர் வாயைப் பார்த்தது.

“இப்படிக் கேட்க யார் சொல்லிக் கொடுத்தது?” என்று சீறினார்.

“பாடத்திட்டம்தான் சார்” என்றாள் மரியபுஷ்பம் பணிவாக.

நகரமாட்டேன் என்று சொன்னவர் எப்படி நகருவார்? உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆசாரிக்குப் போன் போட்டார். சாயங்காலம் ஆசாரி வந்து கதவை மாட்டியதும், இசக்கியம்மாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்த பிறகுதான் அவருடைய ஜீப் கிளம்பியது.