பன்னிரண்டு முழத் தண்ணீர்

முன்னொரு காலத்தில், எழுபது ஏரிகள் இருந்தும் தாகம் தீராத ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜாவுக்கு ஒரு விசித்திரமான ஆசை. தினமும் கண் விழித்ததும், எந்த ஏரியில் எத்தனை முழம் தண்ணீர் என்று பாட்டுப் போலப் படித்துக் காட்ட வேண்டும். நிறைந்திருக்கிறது என்றால் சிரிப்பார். குறைந்திருக்கிறது என்றால் அன்று முழுவதும் யாருக்கும் முகம் கொடுக்க மாட்டார்.

அளப்பதற்கு ஒவ்வோர் ஏரியிலும் மதகடியில் ஒரு கல் உண்டு. முழத்துக்கு ஒரு கோடாகப் பன்னிரண்டு கோடு. ஏரி அதிகாரி திருமேனியார் என்ன செய்தார்? தூர் வாருகிற ஆட்களை ராஜாவின் தோட்டத்தில் நீரூற்று கட்ட அனுப்பினார். பெரிய ஏரி தூர்ந்து வற்றியதும், அதன் கல்லைக் கழுத்து வரை சேற்றில் இறக்கி நட்டார். பன்னிரண்டாவது கோடு நனைந்தது. ராஜா சிரித்தார்.

அரண்மனை விகடன் அம்பலவன் ஒரு நாள் அந்தக் கரைவழியே போனான். மதகடியில் முழங்காலளவு தேங்கிய நீரை, அது அரண்மனைக்கு என்று காவலர் காத்து நின்றார்கள். நடு ஏரியில் மருதாயி என்பவள் பள்ளம் பறித்துக் கொட்டாங்குச்சியால் மொண்டுகொண்டிருந்தாள். இது என்ன தாயே என்று கேட்டான்.

"ஊத்துத் தண்ணி சாமி. ஒரு குடம் நெறைய உச்சிப்பொழுது ஆயிடும். ஏரி நெறஞ்சு கெடக்குன்னு அரண்மனையில தெனம் பாடுறாங்களாமே? அந்தத் தண்ணியில எம்புள்ளைக்கு ஒரு வாய் குடுக்கச் சொல்லுங்க."

சிரிக்க வைப்பதுதான் அம்பலவனின் பிழைப்பு. அன்று அவனுக்கு விகடம் வரவில்லை. நேரே சபைக்குப் போய், ஏரி காய்ந்து கிடக்கிறது, கல் பொய் சொல்கிறது என்றான். அவனைக் கவிழ்க்க நாள் பார்த்திருந்த திருமேனியார், இவன் மகாராஜாவின் ஆட்சியையே பழிக்கிறான் என்று தூபம் போட்டார். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"தண்ணீர் இல்லை என்றா சொன்னாய்? அந்தப் பன்னிரண்டு முழத் தண்ணீரிலேயே உன்னை இறக்குகிறோம். நாளைக் காலை, நம் கண் முன்னால்."

ராஜா ஏரிக்கே வருவார் என்று திருமேனியார் நினைக்கவில்லை. உடனே குரல் குழைந்தது.

"மகாராஜா, ஏதோ உளறிவிட்டான். பிள்ளைகுட்டிக்காரன். உயிர்ப்பிச்சை அளியுங்கள்."

"வேண்டாம் பிரபு," என்றான் அம்பலவன். "ராஜவாக்கு தவறக் கூடாது. பன்னிரண்டு முழத்தில் ஒரு விரல்கூடக் குறையாமல் இறக்கச் சொல்லுங்கள்."

மறுநாள் கல்லருகே ராஜா கையசைத்தார். அம்பலவன் குதித்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. உட்கார்ந்தான், இடுப்புக்கு வந்தது. குப்புறப் படுத்தான், கையை ஊன்றியதும் தலை மேலே வந்துவிட்டது. சேறும் சகதியுமாக எழுந்து கைகூப்பினான்.

"என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் மகாராஜா. தண்ணீர்தான் உங்கள் ஆணைக்கு அடங்கவில்லை. மீதிப் பதினோரு முழத்தை அதிகாரி எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அங்கே போய்ச் சாகிறேன்."

கல்லைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பதினோரு கோட்டிலும் சேறு. திருமேனியாரின் முகத்தைப் பார்த்து ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அம்பலவன் சிரிக்கவில்லை.

"முத்தைக் குடிக்க முடியாது பிரபு. இந்தக் காவலரைப் போகச் சொல்லுங்கள், தோட்டத்து நீரூற்றை மூடுங்கள். என் தண்டனை அப்படியே இருக்கட்டும். ஏரி நிறைகிற அன்று வந்து இறங்குகிறேன். அதுவரை தூர் வாருகிற வேலையை அதிகாரியிடமே கொடுங்கள். என்னை மூழ்கடிக்க அவரைவிட ஆசை யாருக்கு?"

அன்று முதல் ஐப்பசி வரை திருமேனியார் மண்கூடை சுமந்தார். மழை வந்தது. ஏரியின் அடியில் சரியாக நட்ட கல்லில் பன்னிரண்டாவது கோடு நனைந்தது. ராஜா கரைக்கு வந்தார். அம்பலவன் சொன்னபடி குதித்தான், காணாமல் போனான். ராஜா பதறி எழுந்தபோது, தூரத்தில் மருதாயி குடத்தை முக்குகிற துறையில் தலை தெரிந்தது.

"உனக்கு நீந்தத் தெரியும் என்று அன்றே சொல்லவில்லையே?"

"அன்று தெரியாது பிரபு. பழகத் தண்ணீர் வேண்டாமா? நீர் ஏற ஏற நானும் பழகிக்கொண்டேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, முத்துமாலையை அவன் ஈரக் கழுத்திலேயே போட்டார். மறுநாள் முதல் காலையில் அளவு படிக்கும் வேலை, அவன் கேட்டபடி, மருதாயிக்கு. தண்ணீர் குறைந்த நாட்களில் அவள் குரல் இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்குமாம்.