பழைய சத்தம்

கம்பத்துக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் செல்லமாயனின் வீடு. வீட்டைவிட முற்றம் பெரியது. முற்றத்தின் நடுவில் ஒரு பழைய ஜீப் நின்றது. ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே மலையேறும் ஜீப்.

அதன் எஞ்சின் ஒருநாள் உடைந்து போனது. எங்கோ கவிழ்ந்து கிடந்த ஒரு வேனின் எஞ்சினைப் பேரம் பேசி வாங்கி வந்து, தன் கையாலேயே ஜீப்பில் இறக்கினார் செல்லமாயன். நல்ல எஞ்சின். ஆனால் வண்டி மலையேறவில்லை. மூன்றாவது வளைவில் தண்ணீர் கொதித்தது. வெள்ளை வெள்ளையாகப் புகைந்தது. இறங்கித் தள்ளச் சொன்னபோது பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பையும் நிறுத்திவிட்டு வேறு ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

செல்லமாயன் கோபக்காரர். கம்பத்தில் அவர் சண்டை போடாத மெக்கானிக் இல்லை. பேரம் பேசாமல் அவர் வாங்கியது மலைக்காய்ச்சல் ஒன்றைத்தான் என்று ஊரில் சொல்வார்கள். அதனால் அந்த முற்றத்துக்குள் எந்த மெக்கானிக்கும் கால் வைப்பதில்லை.

அமலி மட்டும் வந்தார். ராயப்பன்பட்டிக்காரர். டவுனில் டீசல் பம்ப் சரிபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். செல்லமாயனுக்கு மகள் வயது.

வேலையை நான் செய்ய மாட்டேன், கற்றுத் தருகிறேன் என்றார். இரண்டு கட்டளை. ஸ்பேனரை அவர் தொட மாட்டார், கை செல்லமாயனுடையது. அவர் முற்றத்தில் இருக்கும்வரை செல்லமாயன் யாரையும் பார்த்துச் சத்தம் போடக் கூடாது.

"போட்டா?" என்று கேட்டார் செல்லமாயன்.

"ஸ்கூட்டரை எடுத்துட்டுக் கிளம்பிருவேன்."

"ஒரு நாளைக்கு ஒரு சத்தம். அதுக்காவது விடுங்க."

"அரைச் சத்தம்கூடக் கிடையாது அண்ணே."

செல்லமாயன் வாழ்நாளில் தோற்ற முதல் பேரம் அது. "உத்தரவுங்க ஆசானே" என்றார் கேலியாக. நாள் போகப் போகக் கேலி உதிர்ந்து ஆசான் மட்டும் நின்றது.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அமலி பாதியிலேயே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனார். இரண்டு தடவையும் செல்லமாயன் கத்தியது ஜெயந்தனைப் பார்த்து.

ஜெயந்தன் இளைய மகன். மூத்தவன் பவுன்ராஜ்தான் வருசக்கணக்கில் அந்த ஜீப்பை ஓட்டினான். போன வருசத்துக்கு முந்தின வருசம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். செல்லமாயனின் இடது முழங்கால் கிளட்சை மிதிக்க விடாது. அதன்பின் பழைய எஞ்சின் உடையும்வரை ஜெயந்தன் ஓட்டினான். செல்லமாயன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் பேசாமல் வந்ததில்லை. இந்த மரத்துக்கு ரெண்டாவது கியர் போடு, உங்கண்ணன் இங்கேதான் போடுவான். இங்க ஹாரன் அடி, அவன் அந்தப் பாறைக்கே அடிச்சிருப்பான். பிரேக்கை ஏன் மிதிக்கிற, அவன் மிதிக்கவே மாட்டான். மலை ஏறி இறங்கும் வரைக்கும் இதுதான். பின்னால் இருந்த வெள்ளத்தாயியும் மற்றப் பெண்களும், சின்னவரே, செத்தவரு ஸ்டேரிங்கைக் கொஞ்சம் விடச் சொல்லுங்க என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஜெயந்தன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் சொல்லி வைத்தான். பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தான். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னான். அம்மா அதைச் செல்லமாயனிடம் சொன்னாள். செல்லமாயன் ஒரு நாள் முழுக்கக் கத்தினார். கத்தி முடித்தபோது பை அங்கேயே இருந்தது.

அதற்கு மறுநாள் ஞாயிறு. கோயில் பூசை முடிந்து அமலி வந்தார்.

செல்லமாயன் கை கூப்பவில்லை. டீயும் சொல்லவில்லை. ஜீப்பின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நல்ல எஞ்சினு, ஆசான். நான் பார்க்காத இடம் இல்ல. ஏன் படிய மாட்டேங்குது?"

ரேடியேட்டரை இறக்கிக் கழுவியதைச் சொன்னார். தண்ணீர் பம்பை மாற்றியதைச் சொன்னார். டீசல் குழாயில் காற்று ஏறுகிறதோ என்று ஒவ்வொரு மூட்டையும் பிரித்துப் பூட்டியதைச் சொன்னார். சைலன்சரையே கழற்றி ஊதிப் பார்த்தேன் என்றார். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று தொடங்கி, குரல் ஏறுவதைத் தானே கண்டு நிறுத்திக்கொண்டார்.

அமலி எஞ்சினைச் சுற்றி வந்தார். டீசல் பம்பின் முன்னால் நின்றார்.

பம்பின் உடம்பில் ஒரு கோடு இருக்கும். அது உட்காருகிற எஞ்சின் முகத்தில் ஒரு கோடு இருக்கும். இரண்டும் ஒரே கோடாகச் சேர்ந்தால், டீசல் பாய வேண்டிய நொடியில் பாயும். பிந்திப் பாய்ந்தால் சத்தம் மெத்தென்று இருக்கும். வண்டி இழுக்காது, கொதிக்கும், புகையும். இதை அமலியே செல்லமாயனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நகம் நுழையும் இடைவெளி இருந்தது.

"கோட்டைப் பார்க்கலையா அண்ணே?"

"பார்த்தேன்."

"பிறகு?"

"கோட்டுல வச்சா சத்தம் சரியா வரல. தள்ளி வச்சேன். கொஞ்சம் சரியா வந்துச்சு."

"எது சரியான சத்தம்?"

செல்லமாயன் யோசிக்கவில்லை. மட்கார்டின் மேல் உள்ளங்கையால் தட்டினார். நிதானமாக, கனமாக, இரண்டு தட்டுக்கு நடுவில் இடம் விட்டு.

குழாயடியில் சட்டையை அலசிக்கொண்டிருந்த ஜெயந்தனின் கை நின்றது. வீட்டுக்குள் அம்மா அம்மியை நிறுத்தினாள். பழைய எஞ்சினின் நடை அது. வளைவுக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் தூக்குவாளியைக் கையில் எடுப்பார்கள். சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா பவுன்ராஜுக்குச் சோறு போடுவாள்.

அமலி முற்றத்து மூலையைப் பார்த்தார். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் பழைய எஞ்சின் கிடந்தது.

"இதை ஏன் இன்னும் விக்கல?"

"வர்றவன் எல்லாம் இரும்பு விலைக்குக் கேக்குறான்."

"நீங்க என்ன விலை சொல்றீங்க?"

ஜெயந்தன் குழாயடியிலிருந்து, வாங்க முடியாத விலைதான் சொல்றாரு அக்கா, போன மாசம் வந்தவன் புது எஞ்சினே அந்த விலைக்கு வாங்கிருவேன்னு சொல்லிட்டுப் போனான் என்றான். செல்லமாயன் திரும்பினார். வாய் திறந்தது. அமலியின் கை ஸ்கூட்டர் சாவியைத் தொட்டது. வாய் மூடியது.

அமலி ஜெயந்தனிடம் கொஞ்சம் பஞ்சு கேட்டார். அவன் ஒரு பழைய தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சு எடுத்து வந்தான். அமலி அதை இரண்டாகப் பிய்த்து உருட்டி நீட்டினார்.

"காதுல வச்சுக்கங்க அண்ணே."

"காதைப் பொத்திக்கிட்டா எஞ்சினைப் பார்க்கச் சொல்றீங்க? ஊரு சிரிக்கும், ஆசான்."

"சிரிக்கிறதும் கேக்காது."

செல்லமாயன் பஞ்சை வைத்துக்கொண்டார்.

அமலி ஒரு கந்தல் துணியை எடுத்துப் பம்பின் கோடுகள் தெரியாதபடி சுற்றினார். ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மட்கார்டின் மேல் வைத்தார். ஜெயந்தனைச் சாவியிடம் உட்கார வைத்தார். செல்லமாயனுக்கு விரலால் மூன்று இடங்களைக் காட்டினார். தம்ளர். புகை வரும் குழாய். எஞ்சினின் மேல் வைக்க வேண்டிய அவருடைய உள்ளங்கை.

ஜெயந்தன் ஸ்டார்ட் செய்தான். தம்ளரில் தண்ணீர் துள்ளி வெளியே தெறித்தது. பின்னால் வெள்ளைப் புகை. செல்லமாயன் கையைக் காட்டினார். எஞ்சின் நின்றது. நட்டுகளைத் தளர்த்திப் பம்பை ஒரு மயிரிழை நகர்த்தி இறுக்கினார். மறுபடி ஸ்டார்ட். மறுபடி நிறுத்தம்.

எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. வெயில் ஜீப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. அந்த வீட்டில் அவ்வளவு நேரம் ஒருவரும் ஒருவரையும் திட்டாமல் இருந்தது அன்றுதான். அப்பா கை உயர்த்தினால் மகன் நிறுத்தினான். கை தாழ்த்தினால் ஸ்டார்ட் செய்தான். கையில் கோபத்தைக் காட்ட செல்லமாயனுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு தடவை புகை மெலிந்து, இல்லாமல் போனது. உள்ளங்கையில் உதறல் அடங்கி ஒரே சீரான துடிப்பு வந்தது. தம்ளரில் தண்ணீர் சின்னச் சின்ன வட்டங்களோடு நின்றது.

செல்லமாயன் கையை எடுக்காமல் நின்றார்.

அமலி துணியை அவிழ்த்தார். இரண்டு கோடுகளும் ஒரே கோடாக இருந்தன.

பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினார். செல்லமாயன் பஞ்சை எடுத்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேகமாக, கூர்மையாக, இடைவெளி இல்லாமல்.

செல்லமாயனின் முகம் சுருங்கியது. குனிந்து கேட்டார். நிமிர்ந்தார்.

"இது அவன் சத்தம் இல்ல."

"இல்ல அண்ணே."

"எங்க போச்சு?"

அமலி தார்ப்பாயைப் பார்க்கவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை. ஸ்டேரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்.

"இவன் இருக்கான். மலைக்குப் போயிட்டு வாங்க."

"நீங்க வரலையா?"

"நான் எதுக்கு?"

ஸ்கூட்டரில் ஏறிய பிறகு அமலி ஒன்றைச் சொன்னார்.

"பஞ்சைத் தூக்கிப் போட்டுறாதீங்க அண்ணே. மலை மேல வேண்டியிருக்கும்."

எஞ்சின்தான் சரியாகிவிட்டதே என்றார் செல்லமாயன். ஸ்கூட்டர் போய்விட்டது.

சாயங்கால வெயிலில் ஜீப் மலையேறியது. ஜெயந்தன் ஓட்டினான். செல்லமாயன் பக்கத்து சீட்டில் இருந்தார்.

மூன்றாவது வளைவு வந்தது. ஜெயந்தன் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தான். அது அசையவில்லை. வளைவைத் தாண்டியதும் ஈட்டி மரம். பவுன்ராஜ் கியர் மாற்றும் மரம்.

ஜெயந்தனின் கை கியர் கம்பிக்குப் போகவில்லை. தோள் மட்டும் இறுகியது. வண்டி ஓடிய நாளெல்லாம் அந்த இடத்தில் அது இறுகும்.

செல்லமாயனின் வாய் திறந்தது. கை சட்டைப் பைக்குள் போனது. பஞ்சை இறுகப் பிடித்தது.

மரம் பின்னால் போனது. எஞ்சின் இழுத்துக்கொண்டே இருந்தது. அதற்கும் மேலே, மைல்கல்லுக்குப் பக்கத்தில், ஜெயந்தன் கியர் மாற்றினான். வண்டி குலுங்கவில்லை.

பாறை வந்தது. ஹாரன் அடிக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே அடித்தான். பக்கத்தில் இருந்து ஒன்றும் வரவில்லை. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தான். அப்போதும் வரவில்லை.

ஜெயந்தன் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"பஞ்சு இன்னும் காதுலயாப்பா இருக்கு?"

செல்லமாயன் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்து விரித்தார். இரண்டு உருண்டைகளும் வியர்வையில் நனைந்து உள்ளங்கையில் கிடந்தன.

ஜெயந்தன் அதைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். இரண்டு வளைவு போனது.

பிறகு சொன்னான்.

"இறங்கையில வெள்ளத்தாயி அக்கா வீட்டுல சொல்லிட்டுப் போவோம். நாளைக்கு வண்டி வரும்னு."

யார் ஓட்டி வருவது என்று செல்லமாயன் கேட்கவில்லை.