கிழக்கே ஒதுங்கிய மிதவை

நரிக்கரட்டுக் குடிலில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு.

குரு கோமதியம்மா, சீடர் இருளப்பனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். முப்பது வருசம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்த மெக்கானிக் இருளப்பன், அவரை "அம்மா" என்பார். இதில் யாருக்கு யார் குரு என்று புதிதாய் வருகிறவர்கள் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

நரிக்கரடு, அணைத் தண்ணீருக்கு நடுவில் நிற்கிற சின்னக் குன்று. அங்கிருந்து வடகரையில் இருக்கும் குமிழங்குடிக்குப் போய்வர ஒரு மிதவை உண்டு. வாயடைத்துப் பற்றவைத்த இரண்டு நீள இரும்புக் குழாய், அதன் மேல் பலகைத் தளம், நாலு கால் நட்டு ஒரு தகரக் கூரை, பின்னால் ஒரு பெட்ரோல் இன்ஜின். ஓட்டுவது இருளப்பன்.

அன்று ஆடி வெள்ளி. தங்கமீனா கைக்குழந்தையோடு காலையிலேயே குன்றுக்கு வந்திருந்தாள். குமிழங்குடியில் அவள் அப்பா ஒச்சப்பன் படுக்கையில் விழுந்து பத்து நாள் ஆகிறது. மூணு வருசத்துக்கு முன்னால் அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் முடித்ததிலிருந்து அவருக்கு அவளோடு பேச்சு இல்லை. வாசலில் போய் நின்றால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். விளக்காவது ஏற்றிவைப்போம் என்று குன்றுக்கு வந்தவள் அவள்.

பொங்கல் பானையை இறக்குகிற நேரத்துக்குத் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, அப்பா நல்லா முழிச்சிட்டாருக்கா. மீனா எங்கடான்னு கேக்குறாரு. அவரு வாயாலயே கேக்குறாரு. உடனே வா."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். இடுப்பில் இருந்த பிள்ளை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"கிளம்பு தாயி," என்றார் கோமதியம்மா. "நானும் கூட வர்றேன்."

பூ விற்க வந்த சிலம்பாயியும் காலிக் கூடையோடு ஏறிக்கொண்டாள். ஓட்டுகிறவரையும் சேர்த்து நாலு பேர். ஒரு குழந்தை.

பாதித் தண்ணீர் தாண்டியிருக்கும். இன்ஜின் ரெண்டு தடவை இருமியது. அப்புறம் நின்றுபோனது.

இருளப்பன் கயிற்றைச் சுண்டி இழுத்தார். இல்லை. மறுபடியும் இழுத்தார். இல்லை.

"என்ன மெக்கானிக்கு, வண்டி படுத்துக்கிச்சா?" என்றாள் சிலம்பாயி. "லாரியா இருந்தா இறங்கித் தள்ளலாம். இங்க இறங்கினா மீனுக்கு மத்தியானச் சாப்பாடு."

"பிளக்குல கரி ஏறியிருக்கும். அஞ்சு நிமிசம்."

அதற்குள் மேற்கிலிருந்து காற்று பிடித்துக்கொண்டது. ஆடிக் காற்று. மிதவைக்கு அகலமான உடம்பு, மேலே கூரை வேறு. காற்று கூரையைப் பிடித்து அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. படித்துறை இடப்பக்கம் விலகி விலகிப் போனது. கிழக்கே, கரை வளைந்து வருகிற இடத்தில், எரிமேடையின் தகரக் கொட்டகை தெரிந்தது.

"ஐயையோ, சுடுகாட்டுக்குல்ல போகுது!" சிலம்பாயி எழுந்தே விட்டாள். "பச்சைப்புள்ள மடியில. போறது நோயாளிய பாக்க. அந்த மண்ண மிதிச்ச காலோட அந்த வீட்டுப் படிய மிதிக்கலாமா? யோவ், நிறுத்துய்யா!"

அந்த ஊரில் அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. சுடுகாட்டுக் கரையில் கால் வைத்தவர் குளித்து, ஒரு பொழுது கழித்துத்தான் நோயாளி இருக்கிற வீட்டுக்குள் போகலாம். இருளப்பனும் அந்த ஊர்க்காரர்தான். அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. நங்கூரக் கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டார். கயிறு விறைத்தது. மிதவை அங்கேயே நின்று ஆடியது.

பிளக்கைக் கழற்றித் துடைத்தார், ஊதினார், வேட்டி நுனியால் தேய்த்தார். மாட்டி இழுத்தார். இன்ஜின் முனகக்கூட இல்லை. சிலம்பாயி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகத் துடுப்புப் போட்டுப் பார்த்தார். மிதவை நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது.

"வேற படகு ஒண்ணும் வராதாண்ணே?" என்று மீனா மெல்லக் கேட்டாள்.

"இந்தக் காத்துல எவன் தாயி பரிசல் எறக்குவான்? இதோ, அஞ்சே நிமிசம்."

போன் அடித்தது.

"அக்கா, எங்க வர்ற?"

"தண்ணியில நிக்கிறோம்டா. இன்ஜின் ஓடல."

"உன் பேரைச் சொல்லிக்கிட்டே இருக்காருக்கா. என்னத்தையாவது பண்ணு."

தண்ணீரில் எல்லோருக்கும் கேட்டது அந்தக் குரல். இருளப்பன் நிமிர்ந்து கோமதியம்மாவைப் பார்த்தார். அவர் கூரைக்காலில் சாய்ந்து, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அம்மா பொறு என்கிறார் என்று எடுத்துக்கொண்டு இருளப்பன் மறுபடியும் குனிந்தார்.

அப்படி மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அதே முகம்.

மீனா என்னவோ சொல்லப்போகிறவள் போல ரெண்டு தடவை வாயைத் திறந்தாள். அவளும் கோமதியம்மா பக்கம் பார்த்தாள். பிள்ளை அழுதது. முந்தானையைப் போர்த்திப் பால் கொடுத்துக்கொண்டு படித்துறையையே பார்த்தபடி இருந்தாள்.

ஒண்ணரை மணி நேரம் போனது. இருளப்பனின் உள்ளங்கை கயிறு பட்டு உரிந்துபோயிருந்தது. கடைசியில் இன்ஜினை ஒரு உதை விட்டார். போய் நங்கூரத்தைத் தூக்கினார். சிலம்பாயி இந்தத் தடவை தடுக்கவில்லை.

காற்று அவர்களைப் பத்தே நிமிசத்தில் சுடுகாட்டுக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மீனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையை அணைத்தபடி ஓடினாள். அங்கிருந்து ஊருக்குள் இருபது நிமிச நடை. கோமதியம்மாவும் சிலம்பாயியும் பின்னாலேயே போனார்கள்.

நாலு மணிக்குக் கோமதியம்மா தனியாகத் திரும்பி வந்தார்.

"போயிருச்சுண்ணே. அவ வாசல் மிதிக்கிறதுக்கு அரை மணி நேரம் முந்தி."

இருளப்பன் கார்புரேட்டரைக் கையில் வைத்திருந்தார். பிளக்கில் ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். பெட்ரோலில் தண்ணீர். ரோட்டில் போன ஒரு பைக்குக்காரரிடம் ஒரு பாட்டில் வாங்கி, பழையதைக் கொட்டிவிட்டு ஊற்றி இழுத்தார். ஒரே இழுப்பு. அணை முழுக்கக் கேட்கிற மாதிரி இன்ஜின் கிளம்பியது.

அதை ஓடவிடப் பிடிக்காமல் அணைத்தார்.

புழுக்கத்தில் உடம்பை வைத்திருக்க வேண்டாம் என்று அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரம் தப்பு மேளச் சத்தம் கேட்டது. மிதவை ஒதுங்கி நின்ற அதே கரைக்கு ஒச்சப்பனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தூக்கி வந்தவர்களில் ஒருவர் மிதவையைப் பார்த்தார், இருளப்பனைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா," என்றார் இருளப்பன். "மூணு தடவை உங்களைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தீங்க. பொறுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். அப்படித்தானே?"

"நாளான்னைக்கு அந்த வீட்டுக்குப் போவோம். அங்க சொல்றேன்."

மூன்றாம் நாள் போனார்கள். வீட்டில் இன்னும் சனம் இருந்தது. சிலம்பாயி பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். மீனா பிள்ளையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்து கோமதியம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கப்பா உசுர அவ்வளவு நேரம் நீங்கதாம்மா பிடிச்சு வெச்சிருந்தீங்க. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, எனக்குத் தெரியாதா? அந்தச் சுடுகாட்டுக் கரையிலயே இறங்கி நடந்துக்கிறேன்னு சொல்ல வந்தேம்மா. உங்க மூஞ்சியப் பார்த்தேன். அதுல அப்படி ஒரு அமைதி. சரி, எல்லாம் நல்லபடியா நடக்கப்போகுதுன்னு பேசாம இருந்துட்டேன். பாக்கக் கொடுத்து வெக்கல. ஆனா கடைசி வரைக்கும் என் பேரைச் சொன்னாராமே. அதுக்காகத்தானே பிடிச்சு வெச்சீங்க? அது போதும்மா எனக்கு."

இருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டார். மீனாவும் தன்னைப் போலவே அந்த முகத்தைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறாள்.

கோமதியம்மா அவள் தலையில் கை வைக்கவில்லை.

"இல்ல தாயி. நான் உங்கப்பாவை நெனக்கவே இல்ல."

மீனா நிமிர்ந்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது. கல்லைத் தூக்கினா மிதவை கவுந்துருமோன்னு பயம். அந்தப் பயத்துல மூடுன கண்ணு. அந்தக் கரைக்கே விடுங்கண்ணேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவரு விட்டிருப்பாரு. நீ உங்கப்பா முகத்தைப் பார்த்திருப்ப. சொல்லல. இவரு கல்லை எடுக்காம இருந்தது எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, துக்க வீட்டுல வந்து பேசுற பேச்சா இது?" என்றாள் சிலம்பாயி. "நாந்தான் அந்தக் கரை ஆகாதுன்னு கத்தினேன். என்னைய வைய வேண்டியதுதானே?"

மீனா முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். ஒரு விரலாக, மெல்ல. எழுந்து தம்பியிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வாசலிலிருந்தே அவள் முதுகு தெரிந்தது.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. இருவரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கினார்கள்.

படித்துறை வரைக்கும் இருளப்பன் முன்னால் நடந்தார். மிதவையில் கால் வைக்கும்போது அடக்க முடியவில்லை.

"அவளுக்கு அந்த ஒண்ணுதாம்மா மிச்சம் இருந்துச்சு. அதையும் எதுக்குப் பிடுங்கினீங்க? தெரியாமலே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பாளே."

கோமதியம்மா பலகையில் உட்கார்ந்தார். கூரைக்காலை இறுகப் பிடித்துக்கொண்டார். அதை மறைக்கவில்லை.

"ஆடி முடிய இன்னும் பத்து நாள் இருக்குண்ணே," என்றார். "காத்து மறுபடியும் அடிக்கும். அன்னைக்கு இதுல யார் உக்காந்திருந்தாலும், என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது."