தாழியைத் தொட ஒரு கை

காலை பத்தேகால் மணிக்குப் பார்வையற்றோர் மூன்று பேர் வேனிலிருந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் லூர்துமேரி. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வயதுக்கு மேல் பார்வை போனது. அடுத்தவர் வழக்கறிஞர் மீரான், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மூன்றாமவர் சுடலைமணி. அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. கூட வந்த அக்காள் பேச்சியம்மாள் அவர் உள்ளங்கையில் விரலால் அழுத்தி எதையும் சொல்லிவிடுவார். அவரும் அப்படியே பதில் சொல்வார்.

கீழ்மருதை அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் குமுதவல்லி வாசலில் நின்றிருந்தார். சாய்தளமும் பிரெய்ல் பலகைகளும் காதில் மாட்டிக் கேட்கும் ஒலி விளக்கமும் அந்த மாதம்தான் வந்திருந்தன. மீரான் விடாமல் போட்ட மனுக்கள்தான் அவற்றைக் கொண்டுவந்தன.

கதவைத் தாண்டும்போது சுடலைமணி அதன் செதுக்கலில் கையை ஓட்டினார். பிறகு மீரானின் முன்கையைப் பிடித்து விரல்களால் ஏதோ அழுத்தினார். மீரான் சிரித்துவிட்டார்.

“மேடம், கதவுல மீன் செதுக்கியிருக்கா? ரெண்டு மீனு, வாலோட வால் பின்னிக் கெடக்கு!”

“அவன் அப்படித்தான் சார்,” என்றார் பேச்சியம்மாள். “சந்தையில கத்தரிக்காயத் தொட்டாக்கூட யார் கையிலயாவது போட்டுக் காட்டணும் அவனுக்கு.”

குமுதவல்லியும் சிரித்தார். அவர் மனம் உள்ளே, கூடத்தில் இருந்தது.

அங்கே இருந்தது ஒரு முதுமக்கள் தாழி. இறந்தவரை உள்ளே வைத்துப் புதைத்த, ஆள் உயர மண்கலம். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. அதன் கழுத்தைச் சுற்றி மண்ணை வளையமாக ஒட்டி, ஈரம் காய்வதற்குள் யாரோ கட்டைவிரலால் வரிசையாக அழுத்தியிருந்தார்கள். குமுதவல்லி பதினோரு வருடமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த குழிகள் அவை. இன்றும் அந்த இடத்துக்கு வந்தால் அவர் குரல் தானாகத் தணிந்துவிடும்.

தொட்டுப் பார்ப்பதற்கென்று பக்கத்து மேசையில் நகல் ஒன்று இருந்தது. லூர்துமேரி அதன் கழுத்தைத் தடவினார்.

“குழியெல்லாம் ஒரே அளவா இருக்கே மேடம். இட்லித் தட்டு மாதிரி.”

“பசியோட வந்துட்டீங்களாக்கா?” என்றார் மீரான்.

நகல் அச்சில் வார்த்தது. அது குமுதவல்லிக்கும் தெரியும். அதனால்தான், வருடத்துக்கு ஒருமுறை தாழியைச் சுத்தம் செய்யக் கண்ணாடியைத் தூக்கும் நாளாகப் பார்த்து இவர்களை அழைத்திருந்தார். “உங்கள்ல ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்” என்று போனில் வாக்கும் கொடுத்திருந்தார். தாழியைச் சுத்தம் செய்யும் வேதியியலர் ஞானராஜை மட்டும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

தாழியின் கழுத்தைக் குனிந்து சோதித்துக்கொண்டிருந்த ஞானராஜ் கைவிளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“கழுத்துல உப்பு பூத்து உதிருது மேடம். இந்தப் பக்கம் ஒரு சாண்தான் உறுதியா நிக்குது. ஒரு ஆள், ஒரே தடவை தொடலாம். அதுவும் பயந்துக்கிட்டுதான் சொல்றேன்.”



லூர்துமேரிதான் முதலில் பேசினார். “எட்டாங்கிளாஸ்ல டீச்சர் கூட்டிட்டு வந்து காட்டினாங்க. கண்ணு போனப்புறம் எத்தனையோ முகம் மறந்துபோச்சு. இந்தக் குழி வரிசை மட்டும் போகல. நான் நெனச்சிட்டிருக்கிறது நெசம்தானான்னு தெரிஞ்சுக்கணும்.”

“நீங்க ஒரு தடவையாவது பார்த்துட்டீங்கக்கா,” என்றார் மீரான். “எனக்கு இது வெறும் காத்துல கேட்ட சேதி. இந்தக் கதவைத் திறக்க வச்சவன் நான். உள்ள வந்தும் வெளிய நிக்கணுமா?”

ஞானராஜ் தயங்கி ஒன்று சொன்னார். “ரெண்டு பேருக்கும் ஒலி விளக்கம் இருக்கு. அவருக்கு அதுகூட இல்லையே.”

எல்லோரும் சுடலைமணி பக்கம் திரும்பினார்கள். சச்சரவில் பேச்சியம்மாளின் விரல் நின்றுபோயிருந்தது. என்ன நடக்கிறதென்று தெரியாமல், விரித்த உள்ளங்கையோடு அவர் காத்திருந்தார்.

ஒருவருக்குக் கொடுத்தால் இருவர் வெறுங்கையோடு போவார்கள். யாருக்கும் கொடுக்காவிட்டால் மூவரும். குமுதவல்லி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலில் நடந்தது அப்போது அவர் நினைவுக்கு வந்தது.

படிப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: அந்த ஒரு தொடுதலை யாருக்குக் கொடுத்தால் குமுதவல்லி சொன்ன சொல் நிற்கும்?

சுடலைமணிக்கு. பரிதாபப்பட்டு அல்ல, தொட்டதைத் தொடுதலாகவே இன்னொருவரிடம் சேர்க்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். குமுதவல்லி மீனை நினைவுபடுத்தியதும் மீரான், “சரி, அவரே தொடட்டும்” என்றார். பேச்சியம்மாள் தம்பியின் கையில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கைகழுவி வந்து, முதல் குழியில் கட்டைவிரலை வைத்தார். விரல் அதில் அப்படியே உட்கார்ந்தது. வெகுநேரம் அவர் அந்த விரலை எடுக்கவில்லை. அந்த ஒரு சாணைக் கடந்து வந்ததும் லூர்துமேரியின் முன்கையைப் பிடித்து அழுத்தினார்: ஆழமாக ஒன்று, மேலோட்டமாக ஒன்று, நகம் பட்டு ஒன்று, சாய்ந்து ஒன்று. “இதுதான்,” என்றார் லூர்துமேரி. “இதேதான்.” மீரானின் முறை முடிந்தபோது அவர் கையை மார்போடு வைத்துக்கொண்டார். குமுதவல்லியும் கை நீட்டினார். பதினோரு வருடம் பார்த்தும் அந்த நகத் தடத்தை அவர் அறிந்ததில்லை. என்றோ செத்துப்போன ஒரு குயவரின் விரல் தன் தோலில் பதிவதுபோல் அவருக்கு உடல் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால், ஞானராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

2017 ஆகஸ்ட் 14 அன்று அச்சு நகல் அகற்றப்பட்டு, சுடலைமணி களிமண்ணில் அழுத்திக் கொடுத்த ஒரு சாண் வளையம் அந்த மேசையில் வைக்கப்பட்டது.