ஆவுடையப்பர் போட்ட உத்தரவு

தென்காசியில் மில் வைத்திருந்த ஆவுடையப்பருக்கு மணிவிழா வந்தது. அழைப்பிதழுக்குப் படம் எடுக்கத் தன் கட்டடத்திலேயே வாடகைக்கு இருந்த லாரன்ஸின் ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"நில்லு, சிரின்னு எனக்கு யாரும் உத்தரவு போடக் கூடாது. ஆனா படம் இயல்பா இருக்கணும். இல்லன்னா கடையைக் காலி பண்ணிரு."

கேமராவைக் கண்டதும் அவர் தூண் மாதிரி விறைத்துவிட்டார். லாரன்ஸ் கேமராவை இறக்கி வைத்தார். விளக்குப் பிடிக்கும் லாரன்ஸின் தங்கை எஸ்தர்தான் வாயைத் திறந்தாள்.

"முதலாளி, உங்களுக்கு எதுக்கு உத்தரவு? நீங்க எங்க அண்ணனுக்குப் போடுங்க. எப்படி இருக்கணும்னு அவரை வச்சுக் காட்டுங்க."

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. லாரன்ஸை நாற்காலி பக்கத்தில் நிற்கவைத்தார்.

"என்னய்யா, அரிசி மூட்டை மாதிரி நிக்குற? தோளை இறக்கு. கையைத் தொங்க விடாத, இந்தா, இப்படி!"

நாற்காலி முதுகில் கையை ஊன்றி லேசாகச் சாய்ந்து காட்டினார். லாரன்ஸ் அதைப் போலச் செய்யப் போய்க் கோணிக்கொண்டதும், ஆவுடையப்பருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எஸ்தர் சத்தமில்லாமல் கேமராவை எடுத்து அழுத்தினாள்.

"சரி, இப்ப என்னை எடுங்க" என்று அவர் மறுபடி விறைத்தார்.

"எடுத்தாச்சு முதலாளி."

படத்தை வெகுநேரம் பார்த்தார். வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் மனிதர் அதில் இருந்தார்.

"இப்படி நிக்கச் சொல்லி எனக்கு யாரு உத்தரவு போட்டா?"

"நீங்கதான் முதலாளி. அண்ணனுக்குத்தான் கேக்கத் தெரியல. நீங்க உடனே கேட்டுட்டீங்க."