அறிவிப்பாளரின் சிவப்புப் பென்சில்

சீடர் மகராசனுக்கு அறுபத்து மூன்று வயது. குரு ஜோவிட்டாவுக்கு இருபத்தெட்டு. ஜெராக்ஸ் கடை மாடியில் ஆங்கிலம் பேசக் கற்றுத் தந்தாள். சின்னப் பெண் முன்னால் பெஞ்சில் உட்கார மகராசன் கூச்சப்படவில்லை. கூச்சப்பட அவருக்கு நேரம் இல்லை. ஞாயிறுதோறும் மெல்போர்னிலிருந்து பேரன் வீடியோ காலில் வருவான். ஆறு வயது. தமிழ் தெரியாது.

மகராசன் முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எவ்வளவு இரைச்சலிலும் எல்லாச் சொல்லும் ஒரே எடையில் விழ வேண்டும். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஓய்வு பெற்ற மறு வருஷமே மனைவி இறந்தாள். அதன் பிறகு நாள் முழுக்க அவர் பேசுவது பால்காரரிடம் இரண்டு வார்த்தை.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், போன வாரம் பேரன் அவங்க அப்பாகிட்ட கேக்கான், 'இது தாத்தாவா, ரெக்கார்டிங்கா?'ன்னு. கேட்டுட்டு விளையாடப் போயிட்டான்."

சிரிக்கிற விஷயம்தான். அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கும் அப்படிப் போயிட்டான்னா இனிமே போன் பக்கமே வரமாட்டான். எனக்கு வேற யாரு இருக்கா? எந்தச் சொல்லை அழுத்தணும், எங்க குரலை ஏத்தணும், எங்க இறக்கணும்னு குறிச்சுக் குடுத்திருங்க. அப்படியே வாசிச்சிருதேன்."

பேரனிடம் கேட்க ஆங்கில வாக்கியங்கள் எழுதிய நோட்டை நீட்டினார். அவரே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். பழைய பழக்கம் போகுமா? ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு கோடு.

குரு நோட்டை வாங்கவில்லை. நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"பேசுங்க ஐயா. என்கிட்ட பேசுறீங்கன்னு எப்பத் தோணுதோ, அப்பத் திரும்புறேன்."

அவர் தொண்டையைச் செருமினார்.

"வாட். டிட். யூ. ஈட். டுடே."

குரு திரும்பவில்லை.

முதல் சொல்லை ஓங்கிச் சொன்னார். பிறகு கடைசிச் சொல்லை. குரலை மேலே தூக்கினார், கீழே போட்டார். வெளியே ஒரு பஸ் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

நோட்டிலிருந்த பதினொரு வாக்கியங்களும் தீர்ந்தன. அவருக்கு அழுகை முட்டியது. பேரனும் இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான்.

"முப்பது வருஷத்துல யாராவது உங்களுக்குப் பதில் சொல்லியிருக்காங்களா ஐயா?" என்றாள் குரு, திரும்பாமலே.

"அறிவிப்புக்கு யாரு டீச்சர் பதில் சொல்லுவா? நான் கண்ணாடி ரூமுக்குள்ள இருப்பேன். சொல்லி முடிச்சதும் மைக்கை அணைச்சிருவேன்."



மகராசன் நோட்டை மூடினார். மூடிய பிறகு கண்ணுக்கு வேறு வேலை இல்லை. மேஜை மேல் குருவின் டிபன் பாக்ஸ் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவர் வந்தபோது இருந்த அதே இடத்தில், மூடியில் மாட்டிய ரப்பர் பேண்டு கழற்றாமல். இப்போது மூன்றரை. 'சாப்பிட்டியா' என்று கேட்க இவளுக்கும் இங்கே ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டீச்சர்..." என்றார். "யூ... நோ ஈட்?"

குரு திரும்பினாள்.

மகராசன் துள்ளி எழுந்தார்.

"இதுதான்! இதுல எதை டீச்சர் அழுத்தினேன்? குரல் ஏறிச்சா, இறங்கிச்சா? சொல்லுங்க, மறக்கதுக்குள்ள குறிச்சுக்கிடுதேன்."

நோட்டைத் திறந்து, குனிந்து பென்சிலைத் தேடினார்.

குரு டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கேட்டுட்டு மறுபடியும் மைக்கை அணைக்கிறீங்களே ஐயா" என்றாள். "இல்ல. நான் இன்னும் சாப்பிடல."