வால் வந்தால்தான் அளவு

எறும்பு அதட்டினால் யானையும் திரும்பிப் பார்த்த அந்தக் காலத்தில், யவன தேசத்து அத்திமரம் ஒன்றில் மெட்ரோன் என்றொரு பச்சைப்புழு இருந்தாள். உடம்பு நெடுகக் கால். மற்றப் புழுக்களைப் போல அவளும் ஊர்ந்துதான் போவாள்.

ஒரு நாள் பெய்த மழை கிளையின் நடுவே இருந்த எல்லைக்கோட்டைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. அடிக்கிளையில் கட்டெறும்புப் படை, நுனிக்கிளையில் செவ்வெறும்புப் படை. இரண்டுக்கும் இடையில் மெட்ரோனின் அக்கா கூடு கட்டி, உள்ளே ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க பக்கம் இருக்கிறது எங்க சாப்பாடு," என்றாள் கட்டெறும்பு ராணி, தொண்டையில் சரளைக்கல் உருள்வது போல.

"எங்க பக்கம்னா எங்களுக்கு! ஆசையப் பாரு, கரிமூஞ்சிக்கு!" என்று கீச்சிட்டாள் செவ்வெறும்பு ராணி.

"நட்டநடுவுல இருந்தா?" என்று கேட்டாள் மெட்ரோன்.

"நடு பொது. யாரும் வாய் வைக்கக் கூடாது." அந்த ஒன்றில் மட்டும் இரண்டு ராணிகளும் ஒத்துப்போனார்கள்.

"அப்ப நான் அளக்கிறேன்."

கிளையின் அடியிலிருந்து நுனிவரை எண்ணி ஊர்ந்து, பாதி தூரம் திரும்பி வந்தாள். நடு ஓரிடத்தில் விழுந்தது. மறுபடி அளந்தாள். வேறிடத்தில் விழுந்தது.

"திருட்டுக்கால்டி உனக்கு! ஒருதரம் நீளுது, ஒருதரம் சுருங்குது!" என்றாள் செவ்வெறும்பு ராணி.

"அளந்தது போதும், கடிங்கடி!" என்று உறுமினாள் கட்டெறும்பு ராணி.

கொடுக்குகள் விரிந்தன. மெட்ரோன் கூட்டைப் பார்த்தாள். குனிந்தாள். தன் நடுக்கால்களை ஒவ்வொன்றாகத் தானே கடித்துத் துப்பினாள்.

இரண்டு படையும் கொடுக்கை மடக்கிக்கொண்டன.

"இனி நீளாது, சுருங்காது. வால் விழற இடம்தான் கணக்கு."

முன்கால் ஊன்றும், முதுகு வில்லாய் வளையும், வால் வந்து தலையைத் தொடும். இரு படையும் சேர்ந்தே எண்ணின. நுனிவரை போய், திரும்பி, கடைசி வீச்சுக்குத் தலையை நீட்டினாள். தலை கூட்டைத் தாண்டி விழுந்தது.

வாலைப் பாதி வழியில், கூட்டருகே ஊன்றிவிட்டால் அக்கா பிழைப்பாள். எண்ணுகிற மும்முரத்தில் எவளும் வாலைப் பார்க்கவில்லை.

மெட்ரோன் கண்ணை மூடிக்கொண்டு வாலை முழுசாக இழுத்தாள்.

"இதுதான் நடு. அக்கா... செவ்வெறும்புப் பக்கம்."

செவ்வெறும்புகள் கூட்டின்மேல் ஏறின. "கூடப்பிறந்தவளையே அளந்து கொடுத்துட்டாளே!" என்று கட்டெறும்பு ராணி கெக்கலித்தாள்.

"இறங்குங்கடி!" செவ்வெறும்பு ராணியின் கீச்சு கிளையை உலுக்கியது. "நாளைக்கும் மழை வரும். கோடு அழியும். இவ அக்காவத் தின்னுட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவளை அளக்கக் கூப்பிடுவீங்க?"

வந்த வழியே இறங்கின எல்லாம். மறுநாள் கூடு வெடித்து, அக்கா இறக்கை உலர்த்தினாள்.

மரத்தடியில் இருந்த யவனர்கள் இதைப் பார்த்தார்கள். அவர்கள் பேச்சில் மெட்ரோன் என்றாலே அளவு என்று ஆயிற்று. நிலத்தை அளந்து ஜியோமெட்ரி என்றார்கள். அவர்களிடம் சொல் வாங்கியவர்கள் சூட்டை அளந்து தெர்மாமீட்டர் என்றார்கள். வாய்க்கு வாய் பெயர் தேய்ந்தது, இடம் மட்டும் மாறவில்லை. மெட்ரோன் வழிவந்த காவடிப்புழு நடுக்காலில்லாமல் வளைந்து வளைந்து நடப்பதும், அளக்கிற சொல்லின் வாலில் அவள் பெயர் வந்து நிற்பதும் அன்று முதல்தான்.